அம்மாவோடு எருசலேம் வரை

ஞாயிறு இரவு, சென்னை விமான நிலையம்

விமானம் ஏற இன்னும் நேரம் இருக்கிறது. மகள் சார்ஜ் போடும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறாள், அதனால் இங்கே உட்கார்ந்தே தொடங்கிவிடுகிறேன். ஜோர்டான் வழியாக இஸ்ரேல், பாலஸ்தீனம். எகிப்தையும் சேர்த்துப் போகும் குழு ஒன்று இருந்தது, ஆனால் சீனாய் மலைக்கு அம்மாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது.

குழுவில் எல்லாச் சபையும் உண்டு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர், ஒரு போதகர் ஐயா, சில கன்னியாஸ்திரிகள். எங்கள் வீடும் அப்படித்தான். அம்மா பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சி.எஸ்.ஐ. கோயில்காரி, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவள் இல்லாமல் ஒரு கூட்டம் நடக்காது. மனைவி தூத்துக்குடி, பனிமய மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் ஞாயிறு காலை ஆளுக்கொரு திசையில் கிளம்புவோம், மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஒன்றாகச் சேர்வோம். மகள் இப்போதைக்கு இரண்டு பக்கமும் இல்லை. கல்லூரியில் தொல்லியல் எடுத்திருக்கிறாள், எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறாள்.

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்காக: தலைக்கு ஒரு லட்சத்துக்கு மேல். தமிழக அரசு 2011-12இல் தொடங்கிய எருசலேம் பயண மானியம் முதலில் 20,000 ரூபாயாக இருந்தது, பிறகு 37,000 ஆக்கினார்கள். அம்மா விண்ணப்பித்திருக்கிறாள். மற்றபடி நகைச்சீட்டும் என் சேமிப்பும்தான்.

திங்கள், நேபோ மலை, மாதபா

தூக்கமில்லாமல் இறங்கி, முகம் கழுவி, நேராகப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். இந்த மாதிரிச் சுற்றுலாக்களில் முதல் நாளை ஓய்வுக்கு விட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை, பாதிப் பேர் மோசே நின்ற இடத்துக்குப் போகும் வழியில் வாய் திறந்து தூங்கினார்கள்.

நேபோ மலையில் காற்று ஆளைத் தள்ளுகிறது. மோசே கானான் தேசத்தைக் கண்ணால் கண்டு, உள்ளே போகாமலே மரித்த இடம். எந்தத் திசையில் எந்த ஊர், எத்தனை தூரம் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எருசலேம் வெறும் 46 கிலோமீட்டர். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற தூரம்தான். வானம் தெளிவாக இருந்தால் தெரியுமாம், எங்களுக்குப் புழுதிமூட்டம்தான் தெரிந்தது. நாற்பது வருஷம் அந்த ஜனத்தை இழுத்துக்கொண்டு வந்தவரைக் கடவுள் வாசலிலேயே நிறுத்திவிட்டாரே, இது என்ன நியாயம் என்று மகள் ஆச்சியிடம் கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை. "தண்ணி வரக் கன்மலையப் பாத்துப் பேசச் சொன்னா, கோலால அடிச்சாருல்லா. அதான்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "ஆனாலும் பாவம்" என்றாள்.

மாதபாவில் புனித ஜார்ஜ் ஆலயம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயில். அதன் தரையில் ஆறாம் நூற்றாண்டில் பதித்த வரைபடம் இருக்கிறது, சின்னச் சின்ன வண்ணக் கற்களால் செய்த பரிசுத்த தேசம். பாதிக்கு மேல் அழிந்துபோய்விட்டது. இருக்கிற பாதியில் யோர்தான் நதி வந்து சவக்கடலில் விழும் இடத்தில் ஒரு மீன், உப்புத் தண்ணீர் தட்டியதும் திரும்பி எதிர்நீச்சல் போட்டு வருகிறது. தரையில் கல் பதிக்கிற வேலையில் இந்தக் கேலி எவனுக்குத் தோன்றியதோ. எருசலேமைப் பெரிதாக, முட்டை வடிவத்தில் போட்டிருக்கிறார்கள். நடுவே தூண்கள் வைத்த நீளமான தெரு, அந்தத் தெருவை ஒட்டிக் கல்லறைக் கோயில். "அந்தக் காலத்துலயே அங்கதான் காட்டியிருக்காங்க, அத்தை" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். அம்மா காதில் விழாத மாதிரி அடுத்த தூணுக்குப் போய்விட்டாள்.

இந்தப் பேச்சு விமானத்திலேயே தொடங்கியது. இயேசுவின் கல்லறை என்று எருசலேமில் இரண்டு இடம் காட்டுகிறார்கள். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் போவது திருக்கல்லறைக் கோயிலுக்கு. சீர்திருத்தச் சபைக்காரர்களுக்குப் பிடித்தது தோட்டத்துக் கல்லறை. அம்மாவின் ஐக்கிய சங்கத்தில் முன்னால் போய்வந்தவர்கள் தோட்டத்துக் கல்லறைதான் உண்மையானது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை வரை இது ஓடும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய், எல்லை, நாசரேத்

வடக்கே யோர்தானின் குறுக்கே உள்ள பாலத்தில் எல்லை கடந்தோம். பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டு, பையைத் திறந்து காட்டி, முறுக்கு என்றால் என்ன என்று விளக்கி, வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிடச் சில வயது கூட இருக்கலாம். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டியவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். பிறந்த ஊர்: நாசரேத்.

எங்களுக்கு அது பழகிப்போன விஷயம், அதனால் யோசித்தே இருக்கவில்லை. திருச்செந்தூர் ரயில் போகிற பாதையில் இருக்கிற நாசரேத். அம்மா பிறந்தபோது திருநெல்வேலி மாவட்டம், 1986க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். மிஷனெரிமார் வைத்த பெயர், சுற்றிலும் பனங்காடு. அந்தப் பெண் ஆங்கிலத்தில் "நீங்கள் நாசரேத்தில் பிறந்தீர்களா?" என்று கேட்க, அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "எஸ், நாசரேத், மை நேட்டிவ்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். நான் ஓடிப்போய் செல்போனில் வரைபடத்தை விரித்து எங்கள் நாசரேத்தைக் காட்டினேன். அவள் இன்னொருவரைக் கூப்பிட்டாள், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் சேர்ந்து பனங்காட்டைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, சின்னதாக ஒரு சீட்டுத் தருகிறார்கள். அம்மா அதை வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா" என்று நாத்தான்வேல் கேட்டதாக யோவான் எழுதுகிறார். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தபோது கூடப் படித்த பிள்ளைகள் இதே வசனத்தைச் சொல்லித்தான் அம்மாவைக் கேலி செய்வார்களாம்.

மதியம் அந்த நாசரேத்துக்கே போய்ச் சேர்ந்தோம். கிராமத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக வீடு, ஹாரன் சத்தம், போக்குவரத்து நெரிசல். இஸ்ரேலுக்குள் இருக்கிற பெரிய அரபு நகரங்களில் இதுவும் ஒன்று. எங்கள் வழிகாட்டி இந்த ஊர்க்காரர், அரபுக் கிறிஸ்தவர். இங்கே கிறிஸ்தவர்கள் சிறுபான்மை, முஸ்லிம்கள்தான் அதிகம் என்றார். தாம் ஜெபிக்கும்போது கடவுளை "அல்லா" என்றுதான் சொல்வேன், அரபியில் எல்லோருக்கும் அதுதான் வார்த்தை என்று அவர் சொன்னதும் பேருந்தில் பின்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரோ அதைச் சொல்லிவிட்டு அடுத்த வளைவில் இருக்கும் இனிப்புக் கடையைப் பற்றிப் பேசப் போய்விட்டார். தினமும் பார்க்கிற பார்வையாக இருக்கும்.

மங்கள வார்த்தைப் பேராலயம் 1969இல் அர்ச்சிக்கப்பட்டது, பிரம்மாண்டம். கீழே பழைய குகை, மரியாளிடம் தூதன் பேசிய இடம் என்று வணங்குகிறார்கள். மனைவி கம்பிக்கதவின் முன்னால் முழங்காலிட்டவள் எழுந்திருக்கவே இல்லை. முற்றத்தைச் சுற்றிப் பல நாட்டார் கொடுத்த மாதா படங்கள், ஒவ்வொன்றிலும் அந்தந்த நாட்டு முகமும் உடையும். அம்மா சுவரோரமாக நின்றபடி வழிகாட்டியிடம் தானும் நாசரேத் என்று சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, உங்கள் ஊரில் ஆலிவ் உண்டா என்று கேட்டார். ஆலிவ் கிடையாது, பனை உண்டு, கருப்பட்டி உண்டு என்றாள் அம்மா. பையிலிருந்து எடுத்தும் கொடுத்தாள். கருப்பட்டி எல்லை தாண்டி வந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

புதன், கலிலேயாக் கடல்

கடல் என்று சொல்கிறோமே தவிர நன்னீர் ஏரிதான். 21 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 13 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சுற்றிலும் மலை. பிப்ரவரி என்பதால் மலையெல்லாம் பச்சை, புல்லுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் காட்டுப்பூ. இயேசு சொன்ன காட்டுப் புஷ்பம் இதுதான் என்று ஒரு கட்சி இருக்கிறதாம்.

மரப்படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடு ஏரிக்குப் போனதும் எந்த நாட்டுக் குழுவோ அந்த நாட்டுக் கொடியை ஏற்றித் தேசிய கீதம் போடுவது இங்கே வழக்கம். "ஜனகணமன" முடிந்ததும் ஒரு ஆட்டப் பாட்டைப் போட்டுக் கைதட்டச் சொன்னார்கள். எனக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை, ஐந்து நிமிஷம் மோட்டாரை நிறுத்திச் சும்மா விட்டிருந்தாலே போதும். போதகர் ஐயா, இயேசு புயலை அதட்டிய பகுதியை வாசிக்க எழுந்தபோது படகு ஏற்கெனவே கரைக்குத் திரும்பியிருந்தது.

இன்று முழுக்க என் மனைவியின் நாள். 1986இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது, கினோசர் குடியிருப்பைச் சேர்ந்த மீன்பிடிக்கும் சகோதரர்கள் இருவர் சேற்றுக்குள் ஒரு பழைய படகைக் கண்டுபிடித்தார்கள். இயேசுவின் காலத்தை ஒட்டியது என்று ஆய்வில் தெரிந்தது. 8 மீட்டர் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, கருத்துப்போன பலகைகள், இரும்புச் சட்டத்தில் தாங்கிக் கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்கள். இவள் மட்டும் குனிந்து அடிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் அப்பா வள்ளம் வைத்திருந்தவர். "இங்க பாருங்க, இது இந்தப் படகுக்குன்னு அறுத்த பலகை இல்ல. வேற படகுல இருந்து கழட்டினது. பழைய ஓட்டை அப்படியே இருக்கு." சொல்லிவிட்டு, "காசில்லாதவன் படகு" என்றாள். பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையை மகள் வாசித்தாள். பன்னிரண்டு வகை மரம், பல துண்டுகள் வேறு படகுகளிலிருந்து எடுத்தவை, மறுபடி மறுபடி பழுதுபார்த்தது, கடைசியில் உதவுகிற பாகங்களைக் கழற்றிக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. எத்தனையோ பிரசங்கத்தில், மீனவராக இருந்து இயேசுவின் சீடரான பேதுருவின் படகைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்தப் படகுக்கு ஒரு விலையும், அதற்காக வாங்கின கடனும், அதை ஒட்டுப்போட ஒரு ஆசாரியும் இருந்திருப்பார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலும் எனக்குத் தோன்றியதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். வேதத்தில் காய்ச்சலாய்க் கிடக்கிற பேதுருவின் மாமியார் வீட்டில் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டேன். "அதான் காய்ச்சல் வந்துருக்கு" என்றாள் மனைவி.

மதியம் "பேதுரு மீன்" சாப்பாடு. தட்டில் முழுசாகப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தால், நம்ம ஊர்க் குளத்து ஜிலேபி மீனின் குடும்பம். கடல் மீன் சாப்பிட்டு வளர்ந்த தூத்துக்குடிக்காரி தொடவே இல்லை. அம்மா விலையைக் கேட்டுவிட்டு ரொட்டியும் கொண்டைக்கடலைத் துவையலும் போதும் என்றாள்.

தப்காவில், இயேசு ஒரு பெருங்கூட்டத்துக்கே உணவளித்த நினைவாக, ஐந்தப்பம் இரண்டு மீன் ஆலயம். ஐந்தாம் நூற்றாண்டுத் தரைச்சித்திரத்தில் ஒரு கூடை, இரண்டு பக்கமும் மீன். கூடையில் நாலு அப்பம்தான் தெரிகிறது, ஐந்தாவது பீடத்தின் மேல் இருக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. ஊரில் அசன விழா அன்று சோற்றைக் கோயில் வளாகத்தில் பாயில் கொட்டி மலைபோல் குவிப்பதையும், ஆட்டுக்கறிக் குழம்பு போதாமல் போய்விடும் என்று வருஷா வருஷம் பயப்படுவதையும், ஒரு வருஷமும் போதாமல் போனதில்லை என்பதையும் கன்னியாஸ்திரிகளிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர்கள் கன்னியாகுமரிப் பக்கம், அங்கேயும் சமபந்தி உண்டாம். பிறகு பேச்சு கறிமசாலா அளவுக்குப் போய்விட்டது.

கப்பர்நகூமில் மகளைப் பிடிக்க முடியவில்லை. கருங்கல் அடித்தளம், அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஜெபாலயம். வெள்ளை மேற்கட்டு பிற்காலத்தது, நாலாம் ஐந்தாம் நூற்றாண்டு. எதிரே பேதுருவின் வீடு என்று காட்டும் இடம். 1968 முதல் பிரான்சிஸ்கன் சபையார் தோண்டியிருக்கிறார்கள். சாதாரணக் கருங்கல் வீடு, அதில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் சுவரிலும் தரையிலும் காரை பூசியிருக்கிறார்கள், சுவரில் பக்தர்கள் கிறுக்கிய ஜெபங்கள், தரைக்கடியில் மீன் தூண்டில் முள். ஐந்தாம் நூற்றாண்டில் அந்த அறையைச் சுற்றி எண்கோணத்தில் கோயிலே கட்டிவிட்டார்கள். இது பேதுருவின் வீடுதான் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் மிகப் பழைய காலத்திலேயே ஜனங்கள் இந்த ஒரு அறையைத் தனியாக மதித்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி என்றாள் மகள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பார்த்தவரையில் அவள் ஜெபத்துக்கு மிக அருகில் போனது அந்தக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்தான், இதை அவள் வாசித்தால் சண்டைக்கு வருவாள்.

வியாழன், யோர்தான், சவக்கடல்

காசர் எல் யஹூத், எரிகோவுக்குப் பக்கத்தில். யோவான் ஸ்நானகன் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் என்று பழங்காலம் முதல் சொல்லப்படுவது இந்தப் பகுதிதான். போகிற சாலையின் இரண்டு பக்கமும் முள்கம்பி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை. 1967 போருக்குப் பிறகு மூடிக்கிடந்து 2011இல்தான் பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறந்தார்கள். நதி? தாமிரபரணிக்காரர்களிடம் இதை நதி என்று காட்டக் கூடாது. கலங்கிய பழுப்புத் தண்ணீர், அகலம் சில மீட்டர். மேலேயே நீரையெல்லாம் குடிக்கவும் பாசனத்துக்கும் எடுத்துவிடுகிறார்கள். நடுவே ஒரு கயிறு, அக்கரை ஜோர்டான், அங்கேயும் இதேபோல ஒரு கூட்டம் இதேபோலப் பாடிக்கொண்டிருந்தது.

பெந்தெகொஸ்தே சபையினர் வெள்ளை அங்கி வாங்கிக்கொண்டு முழுக்கு எடுக்க இறங்கினார்கள். அம்மாவையும் கூப்பிட்டார்கள், பாசமாகத்தான். "எனக்குக் குழந்தையிலேயே கொடுத்தாச்சு, ஞானஸ்நானம் ஒரு தடவைதான்" என்று அம்மா சொல்ல, "ஆமா அத்தை, விசுவாசப் பிரமாணத்துலயே ஒரே ஞானஸ்நானம்னுதான சொல்லுதோம்" என்று மனைவி சேர்ந்துகொண்டாள். இவர்கள் இருவரும் ஒரு மதவிஷயத்தில் ஒரே பக்கம் நின்று நான் பார்த்ததில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு, முழுக்கு எடுக்கிறவர்களின் செருப்புக்கும் கைப்பைக்கும் காவல் இருந்தார்கள்.

சவக்கடலில் மிதந்தோம். கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே, வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வற்றிக்கொண்டே போகிறது, அதனால் கரையிலிருந்து தண்ணீருக்குப் போக நடை அதிகம். காலில் முள் குத்திய பழைய காயம் இருந்தால் இறங்காதீர்கள். எரிகோவில், இயேசுவைப் பார்க்கச் சகேயு ஏறிய மரம் என்று ஒன்றைப் பேருந்திலிருந்தே காட்டினார்கள்.

வெள்ளி, பெத்லகேம்

எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நடுவே சுவர். 8 மீட்டர் உயரக் கான்கிரீட், கண்காணிப்புக் கோபுரம், பாலஸ்தீனப் பக்கம் முழுக்கச் சித்திரமும் எழுத்தும். 2002இல் கட்டத் தொடங்கியது. தற்கொலைத் தாக்குதல்களைத் தடுக்க என்று இஸ்ரேல் சொல்கிறது, எங்கள் நிலத்தையும் வாழ்க்கையையும் அறுத்துவிட்டது என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பேருந்தை அதிகம் சோதிக்கவில்லை, சுற்றுலாப் பேருந்து என்றால் கை அசைத்து விட்டுவிடுகிறார்கள்.

இதைச் சொன்னால் குழுவில் சிலருக்கு வருத்தம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். நம் ஆட்களுக்கு இஸ்ரேல் என்றாலே ஆபிரகாமும் தாவீதும்தான் ஞாபகம் வருகிறது. இன்றைக்கு இருக்கிற ஒரு அரசாங்கத்தையும் அதன் ராணுவத்தையும் அப்படியே வேதாகமத்துக்குள் வைத்துப் படிக்கிறோம். எருசலேம் போகும் வழியில் துப்பாக்கி தாங்கிய சிப்பாய்களோடு தோளில் கைபோட்டுப் படம் எடுத்தவர்கள், பெத்லகேமில் மரச்சிற்பக் கடைக்காரர் தானும் கிறிஸ்தவர் என்றதும் எப்போது மதம் மாறினீர்கள் என்று கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் என்றார். சபை தொடங்கிய அந்த நாளைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் அரபியரும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை, இப்போது சிறுபான்மை. பிள்ளைகள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள் என்று அவரே சொன்னார். எங்களைப் பற்றி உங்கள் கோயிலில் ஜெபிப்பீர்களா என்று கேட்டார். "எருசலேமின் சமாதானத்துக்காக" என்று வாராவாரம் ஜெபிக்கிறோம். அதில் இவரும் உண்டா என்று நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை.

பிறப்புக் கோயிலின் வாசல் 1.2 மீட்டர் உயரம்தான், பெரிய வாசலைக் கல் வைத்து அடைத்துச் சின்னதாக்கியிருப்பது இன்னும் தெரிகிறது. அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய சோதனை. உள்ளே ஆறாம் நூற்றாண்டுத் தூண்கள். குகைக்கு இறங்கும் வரிசை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கீழே இயேசு பிறந்த இடம் என்று குறித்த பதினாலு முனை வெள்ளி நட்சத்திரத்தைத் தொட ஆளுக்குச் சில விநாடிதான். மனைவி குனிந்து முத்தமிட்டாள். அம்மா தொடவில்லை. நட்சத்திரத்தைத் தாண்டிப் போய், லூக்கா இரண்டாம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள், காவலர் நகரச் சொல்லும்போது மேய்ப்பர் வரை வந்திருந்தாள், மீதியைப் படியேறும்போது சொல்லி முடித்தாள்.

சனி, ஒலிவமலை, தோட்டத்துக் கல்லறை

ஒலிவமலையிலிருந்து பழைய நகரம் முழுசாகத் தெரிகிறது. கீழே சரிவெல்லாம் யூதர்களின் கல்லறை, பூவுக்குப் பதில் கூழாங்கல் வைக்கிறார்கள். பரமண்டல ஜெபத்தின் ஆலயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபத்தை ஓட்டில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். தமிழைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் முன்னால் குழு முழுக்க நின்று சொன்னோம். கத்தோலிக்கர் ஒரு வாசகத்தில், நாங்கள் ஒரு வாசகத்தில், தட்டுத் தடுமாறி ஒன்றாகப் போய், "தீமையிலிருந்து" வந்ததும் மனைவி ஆமென் சொல்லி நிறுத்த, அம்மா "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்ந்து போனாள். மனைவி காத்திருந்து இரண்டாவது தடவை ஆமென் சொன்னாள்.

இயேசு பிடிபட்ட கெத்செமனேயில் எட்டு ஒலிவமரங்கள். அடிமரம் முறுக்கிப் பிளந்து, நாலு பேர் கட்டிப்பிடிக்கலாம். இயேசு பார்த்த மரங்களே என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். 2012இல் வெளியான ஆய்வில் அடிமரத்துக்கு ஒன்பது நூற்றாண்டு வயதுதான் வந்தது. வேர் பழசாக இருக்கலாமே என்று போதகர் ஐயா கேட்டார், இருக்கலாம் என்று மகள் ஒத்துக்கொண்டாள்.

மாலை தோட்டத்துக் கல்லறை. பழைய நகரத்தின் தமஸ்கு வாசலுக்கு வெளியே. 1883இல் ஆங்கிலேயத் தளபதி கார்டன் இங்குள்ள பாறை மண்டையோடு போல இருப்பதைப் பார்த்து இதுதான் இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா என்று எழுதப்போய்ப் பிரபலமானது. இன்று அந்தப் பாறைக்குக் கீழே பேருந்து நிலையம். தோட்டம் அத்தனை சுத்தம், பூ, நிழல், இருக்கைகள். சின்ன ஒலிவமரக் கிண்ணத்தில் திராட்சரசம் தந்தார்கள், போதகர் ஐயா இராப்போஜனம் நடத்தினார், பாமாலை பாடினோம். அம்மா கல்லறைக்குள் போய்விட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணெல்லாம் நனைந்திருந்தது. மனைவிக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றாள். "நல்லாருக்கு. பூங்கா மாதிரி இருக்கு." நல்லவேளை, என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

ஞாயிறு, திருக்கல்லறைக் கோயில்

கூட்டம் வருமுன் போகவேண்டும் என்று விடிவதற்குள் நாங்கள் நாலு பேரும் தனியாக நடந்தோம். அம்மாவை வரவேண்டாம் என்றேன், ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய என்று கிளம்பிவிட்டாள். தமஸ்கு வாசலுக்குள் ரொட்டிக்கடை மட்டும் திறந்திருந்தது.

கோயில் இருட்டு. வெவ்வேறு நூற்றாண்டில் கட்டி, இடித்து, ஒட்டவைத்த கட்டடம். ஆறு சபைகள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன, ஒருவருக்கொருவர் நம்பிக்கை போதாமல் சாவி காலங்காலமாக முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது. முகப்பு ஜன்னலுக்குக் கீழே ஒரு மர ஏணி, அதை நகர்த்தும் உரிமை யாருக்கு என்று தீராததால் பல தலைமுறையாக அங்கேயே நிற்கிறது. எத்தியோப்பியத் துறவிகள் கூரைமேல் குடிசை போன்ற அறைகளில் வாழ்கிறார்கள். ஒரே நேரத்தில் கிரேக்கர் ஒரு பக்கம், அர்மீனியர் ஒரு பக்கம், இலத்தீன் பூசை ஒரு பக்கம். ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டின் மேல் ஏறுகிறது. தூபப் புகையில் அம்மா இருமினாள்.

மகள் எனக்கு மட்டும் கேட்கும்படி பட்டியல் போட்டாள். தோட்டத்துக் கல்லறை இயேசுவுக்குப் பல நூற்றாண்டு முந்தைய பாணியில் வெட்டியது, வேதாகமம் சொல்லும் "புதிய கல்லறை"யாக அது இருக்க வாய்ப்பில்லை. இங்கேயோ பக்கத்திலேயே முதல் நூற்றாண்டுக் கல்லறைக் குழிகள் இருக்கின்றன. இன்று இது மதிலுக்குள்ளே இருந்தாலும், இயேசுவின் காலத்தில் மதில் இந்தப் பக்கம் வரவில்லை, சிலுவையில் அறைந்து பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் மன்னன் ஏரோது அகிரிப்பா வளைத்துக் கட்டினான். 335இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய கோயில் இங்கேதான் அர்ச்சிக்கப்பட்டது. நான் சி.எஸ்.ஐ.காரன், தோட்டத்துக் கல்லறையில்தான் மனம் உருகும் என்று எதிர்பார்த்து வந்தவன். ஆனால் எனக்கு இங்கேதான் ஏதோ செய்தது. வரலாற்றுக்காக இல்லை, இந்தச் சத்தத்துக்காகத்தான். பஸ்கா பண்டிகைக் கூட்டம், வியாபாரம், சிப்பாய், நாலு மொழிக் கூச்சல், இவற்றுக்கு நடுவேதான் அவரை அறைந்திருப்பார்கள். யாரும் அவருக்காகத் தோட்டத்தைப் பெருக்கி வைத்திருக்கவில்லை.

வாசலுக்கு நேரே, இயேசுவின் உடலைக் கிடத்தியதாகச் சொல்லும் அபிஷேகக் கல். மனைவி ஜெபமாலைகள், தூத்துக்குடியிலிருந்து கொடுத்துவிட்ட கைக்குட்டைகள், அவளுடைய அம்மாவின் மருந்துச் சீட்டு உட்பட எல்லாவற்றையும் பரப்பி வைத்து, நெற்றியைக் கல்லில் பதித்தாள். எண்ணெய் வாசம். பக்கத்தில் ரஷ்யப் பெண் ஒருத்தி துணியால் கல்லைத் துடைத்துத் துடைத்துப் பையில் போட்டாள். அம்மா தள்ளிப்போய் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து யோவான் பத்தொன்பதை எடுத்தாள். அவள் வாசிப்பது எப்போதுமே சத்தமாகத்தான். வெள்ளை முக்காடு போட்ட எத்தியோப்பியக் கிழவி ஒருத்தி வந்து நெருக்கி உட்கார்ந்து, தமிழில் ஒரு எழுத்து தெரியாமல், அதிகாரம் முடியும்வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, அம்மாவின் கையை எடுத்து முத்தமிட்டாள். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கைப்பையைத் திறந்து கருப்பட்டியைத் தேடினாள். தீர்ந்துபோயிருந்தது. ஹால்ஸ் மிட்டாய் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டேவிட்டாள், இப்ப சொல்லுங்க அத்தை, எது என்று. "எதுவா இருந்தா என்ன, ரெண்டும் காலிதான" என்று சொல்லிவிட்டு அம்மா டீக்கடை எங்கே என்று பார்த்தாள். இவ்வளவு சுலபமாகத் தப்பிக்க விடக்கூடாது என்று மனைவி பின்னாலேயே போனாள். புதினா டீ முடியும்வரை அந்தப் பேச்சு நடந்தது. அம்மா தன் கல்லறையை விட்டுக்கொடுக்கவில்லை, இவளும் விடவில்லை.

திங்கள், பாலத்தில்

தெற்குப் பாலம் வழியாக ஜோர்டானுக்குத் திரும்புகிறோம். ஒரு பேருந்திலிருந்து இறங்கி, காத்திருந்து, இன்னொன்றில் ஏறி, மறுபடி காத்திருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் பாலஸ்தீனக் குடும்பங்கள், பெட்டிகள், கைக்குழந்தைகள். அவர்களுக்கு இது பயணத்தின் ஒரு நாள் இல்லை, வழக்கம்.

மகள் காத்திருக்கும் நேரத்தில் ஒரு குண்டைப் போட்டாள். கோடைக்காலத்தில் இங்கே அகழாய்வுகளுக்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிறார்களாம், அடுத்த வருஷம் அதற்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். முதலில் டிகிரியை முடி என்றாள் அவள் அம்மா. தனியாகவா என்றேன் நான். யார் பணம் கட்டுவது, எங்கே தங்குவது, வெயில் எவ்வளவு இருக்கும் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. மண்ணை அலசிப் பார்க்கிற வேலைக்கு உட்கார்ந்து செய்கிற ஆளும் வேண்டுமல்லவா, அதற்கு வயசு வரம்பு உண்டா என்று அம்மா விசாரிக்கச் சொல்கிறாள்.

வரிசை நகர்கிறது. படங்களை ஊருக்கு வந்து போடுகிறேன், இங்கே இணையம் சரியில்லை.